வில்லை வைத்த சூரியத் தகடா, வெறும் தகடா?

புறக்கோட்டை நடைபாதைக் கடைகளில் எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டும் மெல்லிய பிளாஸ்டிக் அட்டை கிடைக்கும். நகத்தால் தடவினால் வட்ட வட்டமாக வரிகள் தட்டுப்படும். இதுதான் பிரெனல் வில்லை. வெயிலில் பிடித்தால் பளிச்சென்று ஒரு பொட்டு விழும். கை சற்றுச் சரிந்தாலே பொட்டு வேறெங்கோ போய்விடும்.

விண்கலத்துக்குச் சூரியனிலிருந்து மின்சாரம் எடுக்கும் இரண்டு வழிகளுக்கும் இடையிலுள்ள வழக்கே இந்தப் பொட்டுத்தான். ஒன்று, சூரியக்கலங்களை நெருக்கி ஒட்டிய தகட்டை முடிந்தமட்டும் அகலமாக விரிப்பது. மற்றது, வில்லையாலோ கண்ணாடியாலோ வெளிச்சத்தைக் குவித்துக் கொஞ்சக் கலங்களின் மேல் விழுத்துவது.

குவிப்பதில் லாபம் இருக்கிறது. விலை கூடிய கலங்கள் குறைவாகப் போதும். குறைவாக இருப்பதால் கதிர்வீச்சைத் தாங்கத் தடித்த கண்ணாடியும் போடலாம். சூரியனுக்குத் தொலைவில், மங்கிய வெளிச்சத்திலும் கடுங்குளிரிலும் சில கலங்கள் சோர்ந்துவிடும். குவித்த வெளிச்சம் அந்தச் சோர்வைக் குறைக்கும். 1998 இல் நாசா ஏவிய டீப் ஸ்பேஸ் 1 விண்கலம் இப்படிக் குவித்து மின்சாரம் எடுத்துக் காட்டியது. 720 பிரெனல் வில்லைகள், ஏறத்தாழ ஏழு மடங்கு குவிப்பு, சூரியனிலிருந்து பூமி இருக்கும் தூரத்தில் 2.5 கிலோவோட். மின்னேற்றிய அணுக்களை உமிழ்ந்து உந்தும் அயன் எஞ்சினை ஓட்டி 2001 இல் பொரெலி வால்வெள்ளியை எட்டிப் பார்த்தது.

ஆனால் போயிங்கின் 702 ரகச் செய்மதிகளில் முதலில் வந்தவை சறுக்கின. கலங்களின் இருபுறமும் சரித்து வைத்த கண்ணாடிகளில் ஆவி படிந்து மங்கியது. மின்சாரம் எதிர்பார்த்ததைவிட வேகமாகக் குறைந்தது. போயிங் வெறும் தகட்டுக்கே திரும்பியது.

எனக்கு அதைவிடப் பெரிய பயம் திசைதான். வெறும் தகடு சூரியனிடமிருந்து 10 பாகை விலகினால் இழப்பு 2 சதவீதம்கூட இல்லை. டீப் ஸ்பேஸ் 1 இன் வில்லைகளுக்கோ, ஒரு அச்சில் சில பாகை பிசகினாலே ஆபத்து. கோளாறு வந்து விண்கலம் தடுமாறும் நேரத்தில்தானே மின்சாரம் கட்டாயம் வேண்டும்! 2021 இல் கிளம்பிய நாசாவின் லூசி விண்கலத்தின் வட்டமான வெறும் தகடுகளில் ஒன்று முழுதாக விரிந்து பூட்டிக்கொள்ளவில்லை. ஆனாலும் பயணம் நிற்கவில்லை.

வியாழனுக்குப் போன ஜூனோ விண்கலத்திலும் வெறும் தகடுதான்: மூன்று இறக்கை, 18,698 கலங்கள். பூமிக்கருகில் சுமார் 14 கிலோவோட் தரக்கூடியது, வியாழனில் 500 வோட் அளவில் நின்றது. பார்க்கப் பாரம்தான், ஆனால் வேலை நடந்தது. நம் இலங்கையின் ராவணா-1 செய்மதி மாதிரி ஒரு கிலோ சொச்சப் பெட்டிக்கு இந்த விவாதமே வேண்டாம். வெள்ளவத்தை மொட்டைமாடியில் வைக்கும் தகட்டுக்கும் வேண்டாம்: முகிலில் சிதறிய வெளிச்சத்தை வில்லை குவிக்காது.

குவிப்பை ஒரேயடியாக யாரும் கைவிடவில்லை. நாசாவின் டார்ட் விண்கலத்தின் இறக்கையில் ஒரு சிறு பகுதியில் கண்ணாடிக் குவிப்பானை வைத்துச் சோதித்தார்கள். 2021 நவம்பரில் கிளம்பியது, 2022 செப்டம்பரில் டிமோர்போஸ் என்ற சிறுகோளில் மோதியது. கண்ணாடி வருடக்கணக்கில் மங்காமல் இருக்குமா என்று பார்க்க அந்தப் பத்து மாதம் போதாது. வியாழனைத் தாண்டும் பயணமென்றால் குவிப்பானுக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுக்கலாம். அதற்கு இப்பால் என்றால் நான் வெறும் தகட்டின் பக்கம்.