காளைக்கன்று பிறந்தால்: விற்பதா, வளர்ப்பதா, பிறக்காமலே தடுப்பதா?

எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டக் காவேரிப்பட்டணம் பக்கம் மாடு கன்று போட்டதும் முதலில் வாலைத் தூக்கிப் பார்ப்பார்கள். கிடாரி என்றால் வீடே சிரிக்கும். காளை என்றால், "சரி, பத்து நாள் போகட்டும்" என்பார்கள். அந்தப் பத்து நாளில் எடுக்கும் முடிவுதான் இங்கே பேச்சு. நம் பக்கம் இறைச்சிக்கென்று மாடு வளர்ப்பவர் அரிது. கேரளாவுக்கு லாரி ஏறும் அடிமாடுகளில் பெரும்பாலானவை பால் வற்றியவையும் உழைத்து ஓய்ந்தவையும்தான்.

கலப்பினக் காளைக்கன்றைப் பச்சைக் கன்றாகவே கொடுத்துவிடுவது பலர் வழி. 25 கிலோ கன்றுக்கு நாளுக்கு இரண்டரை லிட்டர் பால் விட வேண்டும். இரண்டு மாதத்துக்கு 150 லிட்டர். லிட்டர் 35 ரூபாய் என்று வைத்தாலும் 5,250 ரூபாய். அந்தப் பால் மிஞ்சட்டும் என்றுதான் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. சீம்பால்கூட வயிறு நிறையக் குடிக்காத கன்று, வண்டியில் ஏறினால் கழிச்சல் கண்டு சுருண்டுவிடும். அந்த ஈனக் குரலைக் கேட்டவர்களுக்கு அந்தக் காசு கையில் ஒட்டாது.

சரி, இரண்டு வருடம் வளர்த்து இறைச்சிக்கு விற்றால்? நாளுக்கு 400 கிராம் எடை ஏறினாலே 300 கிலோவைத் தாண்டிவிடும். ஆனால் தமிழ்நாட்டில் 1958ஆம் ஆண்டுச் சட்டம் குறுக்கே நிற்கிறது. பத்து வயதைக் கடந்து வேலைக்கும் இனவிருத்திக்கும் உதவாத மாட்டை, அல்லது காயத்தாலோ தீராத நோயாலோ நிரந்தரமாக முடங்கிய மாட்டைத்தான் சான்று வாங்கி அறுக்கலாம். எருமைக்கும் இதே விதி. ஓசூரைத் தாண்டினால் கர்நாடகம். அங்கே 2021இல் நடைமுறைக்கு வந்த சட்டம் 13 வயது கடந்த எருமையை மட்டுமே அறுக்க விடுகிறது. லாரியில் ஏற்றுவதற்கும் ஆறு மாட்டுக்கு மேல் கூடாது, மருத்துவர் சான்றும் வேண்டும். இளங்காளையை இறைச்சிக்கு வளர்க்கச் சொல்பவர்கள் இதையெல்லாம் சொல்லிவிட்டுச் சொல்லட்டும். உழவுக்குப் பழக்கலாம் என்றால், ஜெர்சி கலப்புக்குத் திமில் இல்லை, நுகத்தடி நிற்காது. சித்திரை வெயிலில் நுரை தள்ளிவிடும்.

நாட்டுக் காளைக்கன்றின் கதை வேறு. பென்னாகரம், ஒகேனக்கல் காட்டோரப் பட்டிகளில் வளரும் ஆலம்பாடி என்ற நாட்டு மாட்டினத்துக்குக் கேழ்வரகுத் தாளும் கடலைக்கொடியும் போதும். குந்தாரப்பள்ளியின் வெள்ளிக்கிழமைச் சந்தையில் நல்ல ஜோடி வந்து நின்றால் பார்த்திருக்கிறேன்: தரகர் துண்டைக் கையில் போர்த்திக்கொண்டு விற்பவரின் விரலைப் பிடிப்பார். வாய் திறக்காமல் விலை ஏறும். பக்கத்திலேயே ஒருவர் குனிந்து சுழி பார்ப்பார், இன்னொருவர் பல் பிடித்துப் பார்ப்பார். யாரும் கிலோக் கணக்குப் பேசுவதில்லை; நடையும் கொம்பும் ஜோடிப் பொருத்தமும்தான் விலை. உழவு குறைந்தது உண்மைதான். ஆனால் ஜல்லிக்கட்டுக்கும் எங்கள் பக்கத்து எருது விடும் விழாவுக்கும் வழிவிட்ட 2017 சட்டத் திருத்தத்தை 2023 மே மாதம் உச்ச நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டதால், நல்ல காளையைத் தேடி வருபவர்கள் இருக்கிறார்கள். பால்தான் இதில் குறை. தாய்மாடு கன்றுக்குப் போக வீட்டுக்கு ஒன்றிரண்டு லிட்டர் கறந்தால் பெரிது. மேய்ச்சல் நிலமோ ஆள் பலமோ இல்லாதவர் இதில் இறங்க வேண்டாம்.

கடைசி வழி, பாலினம் பிரித்த விந்து கொண்டு சினை ஊசி போடுவது. நூற்றில் தொண்ணூறு கிடாரியாகப் பிறக்கும். சினை பிடிக்கும் வாய்ப்பு சாதா ஊசியைவிடச் சற்றுக் குறைவு. அதனால் நல்ல உடல்கட்டுள்ள கிடாரிக்கும் ஒன்றிரண்டு ஈற்று கண்ட மாட்டுக்கும் போடுவதே நல்லது. பால் சங்கத்துக்கு ஊற்றிப் பிழைக்கும், மேய்ச்சல் காடில்லாத வீட்டுக்கு நான் இதைத்தான் சொல்வேன். மாடு சினைப்பருவத்துக்கு வந்த பிறகு ஓடாமல், மருந்தகத்தில் இந்த ஊசி கைவசம் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். காலையில் தெரிந்த பருவத்துக்கு அன்று மாலையே ஊசி விழ வேண்டும்.