பொறியியல் இரண்டாம் பட்டமாக: கிரெடிட் குறைந்தது, காலம் குறையவில்லை

பொருளியலில் பட்டம் பெற்று, ஒன்பது ஆண்டுகள் செலவுக் கணக்குப் பிரிவில் வேலை பார்த்த பிறகு, ஏற்கெனவே ஒரு பட்டம் கையில் உள்ளவர்களுக்கென்று ஒரு பல்கலைக்கழகம் நடத்தும் இயந்திரவியல் பொறியியல் படிப்பில் சேர்ந்தேன். ஏழு பருவங்களை முடித்து, சென்ற மாதம்தான் கடைசித் தேர்வை எழுதினேன். சேருவதற்கு முன் நான் தேடிப் படித்தவை எல்லாம் ஒன்று விளம்பரக் கையேடாக இருந்தன, இல்லையென்றால் ‘வயது ஒரு தடையே அல்ல’ என்று தோளில் தட்டும் உற்சாக உரைகளாக இருந்தன. கட்டணம் கட்டி வாங்கும் ஒரு சேவை சொன்னதைச் செய்கிறதா என்று எவரும் எழுதக் காணோம் என்பதால், அந்தக் கோணத்திலேயே இதை எழுதுகிறேன்.

கையேடு முதல் பக்கத்திலேயே தரும் வாக்குறுதி, முந்தைய பட்டத்தின் பாடங்களுக்கு விலக்கு அளிப்பதால் நான்காண்டுப் படிப்பை மூன்றே ஆண்டுகளில் முடிக்கலாம் என்பது. எனக்கு மொழிப்பாடங்கள், பொருளியல், புள்ளியியல், பொதுப்பாடங்கள் என 34 கிரெடிட்டுக்கு (பாடங்களின் சுமையை அளக்கும் அலகு) விலக்கு கிடைத்தது. ஒரு பருவத்துக்கு ஏறக்குறைய 17 கிரெடிட் என்ற கணக்கில் இது சரியாக இரண்டு பருவம், அதாவது ஓர் ஆண்டு. கணக்குப் பிரிவில் இருந்தவன் என்ற முறையில் அந்த வகுத்தலைப் பார்த்ததும் எனக்குத் திருப்தியாகிவிட்டது. பொறியியல் பாடங்கள் மூட்டையில் இருந்து விருப்பம்போல் எடுத்துக்கொள்ளும் பண்டங்கள் அல்ல, ஒன்றோடொன்று கோத்த கண்ணிகள் என்பது முதல் பருவத்தின் நடுவில்தான் உறைத்தது.

கால்குலஸின் முதற்பகுதியை முடித்தால்தான் இரண்டாம் பகுதியையும் அதைச் சார்ந்த இயற்பியலையும் எடுக்கலாம். அவை முடிந்தால்தான், அசையாமல் நிற்கும் பொருள்களின் மீதுள்ள விசைகளைக் கணக்கிடும் நிலையியல். நிலையியலுக்குப் பிறகே பொருள்களின் வலிமை. அதற்குப் பிறகே இயந்திர உறுப்பு வடிவமைப்பு. அதற்கும் பிறகு இரண்டு பருவம் நீளும் இறுதித் திட்டப்பணி. எண்ணிப் பார்த்தால் ஏழு பருவங்கள். மற்ற எல்லாப் பாடங்களுக்கும் விலக்குக் கொடுத்து வீட்டில் உட்கார வைத்தாலும் இந்த ஏழில் ஒன்றும் குறையாது, ஏனென்றால் விலக்குக் கிடைத்த பாடங்கள் எதுவும் இந்தச் சங்கிலியில் இல்லை. 34 கிரெடிட்டும் வாராந்தரச் சுமையைக் குறைத்தன, அது பொய்யில்லை. காலத்தைக் குறைத்தது பெரும்பாலும் காகிதத்தில்தான். போதாக்குறைக்கு, வலிமைப் பாடம் ஆண்டுக்கு ஒருமுறைதான் நடத்தப்படுகிறது. என்னோடு சேர்ந்த, முன்பு செவிலியராக இருந்த ஒருவர் அதில் இரண்டு மதிப்பெண்ணில் தவறியதால் அவருக்கு ஒரு பருவம் அல்ல, ஓர் ஆண்டே தள்ளிப்போயிற்று. சேர்க்கை அலுவலகத்தில் ‘எத்தனை கிரெடிட் விலக்கு கிடைக்கும்’ என்று எல்லோரும் கேட்கிறோம். முதல் பருவத்திலிருந்து இறுதித் திட்டப்பணிவரை மிக நீளமான முன்தகுதிச் சங்கிலி எது, அதில் ஒவ்வொரு பாடமும் எந்தப் பருவத்தில் நடக்கும் என்பதை எழுத்தில் கேட்டிருக்க வேண்டும்.

விலக்கு வழங்கும் முறையைப் பற்றியும் ஒரு சொல். மதிப்பெண் பட்டியல் போதாது, அந்த ஆண்டின் விரிவான பாடத்திட்டம் வேண்டும் என்றார்கள். நான் படித்த துறையின் பழைய கோப்புகளிலிருந்து அதை எடுத்துவரவே ஆறு வாரம் ஆயிற்று. பொருளியலுக்காக நான் படித்த கணிதத்தில் வகையிடல் இருந்தும், தொகையிடல் மேலோட்டமாக இருந்ததால் கால்குலஸுக்கு விலக்கு மறுக்கப்பட்டது. கணித, அறிவியல் பாடங்களுக்குப் பல பல்கலைக்கழகங்கள் காலவரம்பும் வைத்திருக்கின்றன. அப்போது எரிச்சலாக இருந்தாலும், அந்த மறுப்பு நியாயமானது என்றே இப்போது சொல்வேன்; அன்று விலக்குக் கொடுத்திருந்தால் கால்குலஸின் இரண்டாம் பகுதியில் மூழ்கியிருப்பேன்.

இந்தச் சேவையில் தயங்காமல் பாராட்டத்தக்கது, வகுப்புகள் தொடங்குவதற்கு முன் நடத்தப்படும் எட்டு வார ஆயத்தப் பயிற்சிதான். முதல் நாளே மதிப்பெண் இல்லாத ஒரு சோதனை வைத்து, யாருக்கு எது துருப்பிடித்திருக்கிறது என்று பார்த்து அதற்கேற்பப் பிரித்தார்கள். எனக்கு இயற்கணிதம் ஓரளவு நின்றது, முக்கோணவியல் சுத்தமாகப் போயிருந்தது. 30 பாகைச் சாய்வில் நிற்கும் பெட்டியைத் தாங்க வேண்டிய விசை எனக்கு எதிர்க்குறியில் வந்தபோது, பெட்டி மேல்நோக்கி வழுக்குகிறது போலும் என்று அதற்கு ஒரு விளக்கமும் எழுதி வைத்தேன். பயிற்றுநர் தாளைப் பார்க்கவே இல்லை, கால்குலேட்டரை வாங்கித் திரையின் மூலையைக் காட்டினார். அது பாகையில் அல்ல, கோணத்தின் இன்னோர் அலகான ரேடியனில் இருந்தது. பாதி என்று வரவேண்டிய சைன் மதிப்பு கழித்தல் 0.988 என்று வந்திருந்தது. விடை வந்ததும் அது நடக்கக்கூடியதா என்று முதலில் பார்க்க வேண்டும் என்பதை அந்த ஒரு நிமிடத்தில் கற்றேன்.

கற்பித்தலில் நிலையியல் ஆசிரியர்தான் என் மனத்தில் முதலிடம். தனித்த பொருளின் விசைப்படத்தை வரையாமல் சமன்பாடு எழுதினால், விடை சரியாக இருந்தாலும் பாதி மதிப்பெண்தான். பொருளைச் சுற்றியுள்ள எல்லாவற்றிலிருந்தும் மனத்தளவில் பிய்த்தெடுத்து, அது தொட்டுக்கொண்டிருந்த ஒவ்வோர் இடத்திலும் ஒரு விசையை வரைய வேண்டும். விசைகளின் கூட்டுத்தொகை பூஜ்யம் என்றதும் பற்றும் வரவும் ஒத்துப்போவது போலத்தானே என்று எனக்குப் பழைய வாசனை அடித்தது. அந்த ஒப்புமை எனக்கு உதவியது, அதே அளவு ஏமாற்றவும் செய்தது. பற்று வரவு மொத்தங்களை ஒப்பிடும் இருப்பாய்வு ஒத்துப்போனாலும் ஒரு பதிவு முழுதாக விடுபட்டிருக்கலாம் என்பது கணக்கர் எவருக்கும் தெரியும். நானோ நிலையியல் கணக்கு ஒன்றில் சுவரின் உராய்வை வரைய மறந்துவிட்டு, மீதி விசைகள் அழகாகச் சமன்பட்டதைக் கண்டு மகிழ்ந்திருந்தேன்.

ஆய்வகங்களைப் பொறுத்தவரை கட்டணத்துக்குப் பழுதில்லை. இழுவிசைச் சோதனையில் விரல் பருமனுள்ள மென்னெஃகுக் கம்பியை இரு தாடைகளுக்கிடையில் பற்றி மெல்ல இழுக்கும்போது வரைபடம் முதலில் நேர்கோடாக ஏறுகிறது. அந்தக் கோட்டின் சரிவிலிருந்துதான் எஃகின் விறைப்பைக் காட்டும், ஏறத்தாழ 200 கிகாபாஸ்கல் என்ற யங் குணகத்தைக் கணக்கிட்டோம். பிறகு கோடு சட்டென்று தயங்கிக் கிடைமட்டமாக நடுங்கி, மறுபடி ஏறி, கம்பியின் நடுவில் ஓரிடம் மட்டும் இடுப்புபோல் ஒடுங்கத் தொடங்கியதும் இறங்குகிறது. வெடிச்சத்தத்தோடு அறுந்தபின் இரு துண்டுகளையும் கையில் கொடுத்தார்கள்: ஒன்றின் அறுந்த முனை கிண்ணம்போல் குழிந்திருந்தது, மற்றதன் முனை அதில் பொருந்தும் கூம்பாக இருந்தது, அறுந்த இடம் வெதுவெதுப்பாக இருந்தது. உலோகத்தை உருக்குலைக்கச் செலவிட்ட ஆற்றலில் பெரும்பகுதி வெப்பமாகிறது என்பதைப் புத்தகத்தில் அடிக்கோடிட்டிருந்தேன், அது விரலில் படும் என்று எண்ணவில்லை. அடுத்து வைத்த வார்ப்பிரும்போ ஒடுங்காமல், எச்சரிக்காமல், சுண்ணக்கட்டிபோல் தட்டையாக முறிந்தது.

குறைகளுக்கு வருகிறேன். ‘வேலை பார்ப்போருக்கு ஏற்ற நேரம்’ என்ற வரி விரிவுரைகளுக்குப் பொருந்தும், ஏனெனில் அவை பதிவு செய்யப்பட்டுக் கிடைக்கின்றன. ஆய்வகங்கள் அனைத்தும் வேலைநாட்களின் பிற்பகலில் நடக்கின்றன, வருகை கட்டாயம். மூன்றாம் பருவத்தில் நான் பகுதிநேர வேலைக்கு மாற நேர்ந்தது இதனால்தான். நிரலாக்கம் இன்னொரு ஓட்டை. எண்முறைக் கணிப்புப் பாடத்தில் எல்லோருக்கும் பைத்தான் தெரியும் என்ற அனுமானத்தில் தொடங்குகிறார்கள், ஆயத்தப் பயிற்சியிலோ அது பெயருக்குக்கூட இல்லை. குழுப்பணியில் பத்தொன்பது வயதினரோடு உட்காருவது சங்கடமாக இருக்கும் என்று அஞ்சியதெல்லாம் வீண். அறிக்கையையும் செலவுப் பட்டியலையும் நான் எடுத்துக்கொண்டேன், நிரலை அவர்கள் எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள்.

முதுநிலைப் பட்டத்துக்கே நேராகப் போயிருக்கலாமே என்று பலர் கேட்டார்கள். ஆராய்ச்சியோ மென்பொருள் சார்ந்த பணியோ நோக்கம் என்றால் அதுவே குறுக்குவழி, தயங்க வேண்டியதில்லை. ஆனால் 1989-இல் கையெழுத்தான வாஷிங்டன் உடன்படிக்கை போன்ற பன்னாட்டு ஏற்பாடுகள் பரஸ்பரம் அங்கீகரிப்பது தரச்சான்று பெற்ற இளநிலைப் பொறியியல் பட்டத்தைத்தான். உரிமம் பெற்ற பொறியாளராகக் கையெழுத்திட விரும்புகிறவருக்கு, இளநிலையின் இடத்தை முதுநிலை தானாக நிரப்பிவிடுவதில்லை. நான் சேர்ந்த படிப்புக்கு அந்தத் தரச்சான்று இருந்தது, அதைக் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் போட்டிருந்தார்கள். முதல் பக்கத்துக்குத் தகுதியான செய்தி அதுதான். உதவித்தொகையைப் பொறுத்தவரை, பல திட்டங்கள் முதல் பட்டத்துக்கு மட்டுமே என்பதால், விண்ணப்பிக்கும் முன் அந்த விதியைப் படித்துவிடுவது நல்லது.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். ஆசிரியர்களும் ஆய்வகமும் நான்கரைக்குத் தகுந்தவர்கள். பிடித்துக்கொண்ட ஒன்றும் அந்த ‘மூன்றே ஆண்டுகளில்’ என்ற வரிக்காக. முன்தகுதிச் சங்கிலியை ஒரே தாளில் படமாக வரைந்து, ஏழு பருவங்களையும் எண்ணிட்டு, இரண்டாம் ஆண்டிலேயே சேர்க்கை அலுவலகத்துக்கு அனுப்பினேன். நன்றி தெரிவித்து மறுநாளே பதில் வந்தது. இந்த ஆண்டுக் கையேட்டைப் பார்த்தேன்: அட்டைப்படம் புதிது, வரி பழையது.