கப்பல் கேபினுக்குக் "குட்டி ஏசி" விற்கிறார்களா? வாங்காதீர்கள், எனக்கு 286 டாலர் போச்சு

உல்லாசக் கப்பலிலிருந்து இறங்கி வந்து பெட்டியைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன், ஆறிவிட்டால் "போகட்டும் விடு" என்று நானே சமாதானம் ஆகிவிடுவேன், விற்றவர்களும் அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள். கேபினில் புழுக்கம் இல்லாமல் தூங்க என்னென்ன செய்யலாம் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். முதலில் என் தலையில் எப்படி மிளகாய் அரைத்தார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

பயணச் சாமான்கள் மட்டும் விற்கிற ஒரு இணையக் கடை. பெயர் போடப் போவதில்லை. போட்டும் பயனில்லை, இதே பெட்டி, இதே படம், வேறு வேறு பெயரில் பத்துக் கடைகளில் கிடைக்கிறது. "கப்பல் கேபினுக்கென்றே வடிவமைத்த கையடக்க ஏசி, 15 நிமிடத்தில் அறை குளிரும்" என்று விளம்பரம். படத்தில் வட்ட ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே நீலக் கடல், போர்வைக்குள் ஒரு பெண்மணி சிரித்துக்கொண்டே தூங்குகிறார். (தூங்கும்போது யார் சிரிக்கிறார்கள் என்று அப்போதே யோசித்திருக்கலாம்தான்.)

அம்மாவுக்குப் புழுக்கம் ஆகவே ஆகாது. இதற்கு முன்னால் போன கப்பலில் கேபின் ஏசி சரியாகக் குளிரவில்லை, ராத்திரி முழுக்க விசிறிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். இந்த முறையும் ஜன்னல் இல்லாத உள்பக்கக் கேபின்தான், அதனால் முன்கூட்டியே ஏதாவது ஏற்பாடு செய்துவிடலாம் என்று தேடியபோதுதான் இந்தக் கடை கண்ணில் பட்டது.

விளம்பரத்தைப் பார்த்ததும் வாங்கிவிடவில்லை. சாட்டில் போய்க் கேட்டேன். ஜன்னல் இல்லாத அறையில் வேலை செய்யுமா, கப்பலில் அனுமதிப்பார்களா, வயதானவர் பக்கத்தில் வைக்கலாமா, எல்லாம் கேட்டேன். அந்தப் பக்கம் பேசியவர் சொன்ன பதிலைப் பாருங்கள்: "சார், உங்கள் கேபின் எண்ணைச் சொல்லுங்கள், டெக் பிளானைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்." (டெக் பிளான் என்றால் எந்தத் தளத்தில் எந்த அறை என்று காட்டுகிற கப்பல் வரைபடம்.) சொன்னேன். கொஞ்ச நேரம் மௌனம். அப்புறம் வந்து, "உங்களுடையது சுமார் 150 சதுர அடி, ஒன்று போதாது சார், அம்மா கட்டிலுக்கு ஒன்று, உங்கள் பக்கம் ஒன்று, இரண்டாக எடுத்துக்கொள்ளுங்கள். அம்மா நிம்மதியாகத் தூங்குவார்கள், நான் பொறுப்பு" என்றார். கேபின் எண் கேட்டு, டெக் பிளான் பார்த்து, அம்மாவைப் பற்றி விசாரித்து, "நான் பொறுப்பு" என்று ஒருவர் சொன்னால் யாருக்குத்தான் நம்பிக்கை வராது? ஒன்று 143 டாலர், இரண்டுக்கு 286. கூடவே ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இலவசம், "கேபினில் பிளக் பாயின்ட் குறைவாக இருக்கும் சார், உதவியாக இருக்கும்" என்று. எவ்வளவு அக்கறை!

அந்த இலவசம்தான் முதல் தலைவலி. கப்பலில் ஏறிய அன்று எல்லாருடைய பெட்டியும் கேபின் வாசலுக்கு வந்துவிட்டது, எங்கள் பெட்டி மட்டும் வரவில்லை. ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் செக்யூரிட்டி அறைக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டார்கள். அம்மாவின் மாத்திரை, மாற்றுத் துணி எல்லாம் அந்தப் பெட்டிக்குள். போய்ப் பார்த்தால், எக்ஸ்ரேயில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தெரிந்ததால் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். உள்ளே சர்ஜ் ப்ரொடெக்டர் (மின்னழுத்தம் திடீரென்று எகிறினால் சாதனங்களைக் காப்பாற்றுகிற பாகம்) இருக்கிறதாம், அது கப்பலில் கூடவே கூடாதாம். வீட்டு மின் இணைப்பும் கப்பல் மின் இணைப்பும் ஒன்று கிடையாது, கப்பலில் நியூட்ரல் கம்பியை எர்த்தோடு இணைப்பதில்லை, இரண்டு கம்பியிலும் மின்சாரம் இருக்கும், வீட்டுக்கென்று செய்த சர்ஜ் ப்ரொடெக்டரை அதில் செருகினால் சூடாகித் தீப்பிடிக்கலாம் என்று அந்த அதிகாரி பொறுமையாக விளக்கினார். அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2013லேயே இதைப் பற்றி எச்சரிக்கை விட்டிருக்கிறது. "கப்பல் காம்போ" என்று பெயர் வைத்து விற்கிறவனுக்கு இது தெரியாதா? சீட்டு ஒட்டி எடுத்து வைத்துக்கொண்டு, இறங்கும்போது வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். அந்தக் குட்டி ஏசிகளை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது ஏசி இல்லையே சார், யூஎஸ்பி ஃபேன்தானே" என்று கொடுத்துவிட்டார். அந்த ஒரு வரியிலேயே என் 286 டாலரின் லட்சணம் தெரிந்துவிட்டது.

சரி, வாங்கியது வாங்கியாச்சு, போட்டுப் பார்ப்போம் என்று தண்ணீர் ஊற்றி, குறிப்பில் சொன்னபடி ஐஸும் போட்டு, இரண்டையும் ஓட விட்டேன். முகத்துக்கு நேராக வைத்தால் லேசாகச் சில்லென்று ஒரு காற்று வந்தது, மறுக்கவில்லை. அரை மணி நேரத்துக்கு மேல் அதுவும் இல்லை. அம்மா வைத்திருக்கிற சின்னப் பயணக் கடிகாரத்தில் வெப்பமும் ஈரப்பதமும் காட்டும். வெப்பம் 26ஐ விட்டு நகரவே இல்லை, ஈரப்பதம் மட்டும் 60லிருந்து ஏறிக்கொண்டே போய் 78ல் நின்றது. மறுநாள் நிகழ்ச்சி நிரல் என்று கட்டில் மேல் ஒரு தாள் வைத்துவிட்டுப் போவார்களே, அது காலையில் நமுத்துப்போய்க் கையில் எடுத்தால் தொங்கியது. கண்ணாடியில் ஆவி. அம்மா நடு ராத்திரியில் எழுந்து உட்கார்ந்து, "என்னடா இது, மெத்தை சில்லுனு இல்ல, ஈரமா இருக்கு" என்றார். "நான் பொறுப்பு" என்றவரை அப்போது நினைத்துக்கொண்டேன்.

இது ஏன் வேலை செய்யவே செய்யாது என்று அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன், ஆத்திரம் இன்னும் கூடியது. இது ஏர்கூலர், அவ்வளவுதான். காற்றாடிக்கு முன்னால் ஈரத்துணியைத் தொங்கவிட்ட மாதிரி. தண்ணீர் ஆவியாகும்போது சூட்டை இழுக்கும், உண்மைதான். ஆனால் அரை லிட்டர் தொட்டி ஐந்து மணி நேரம் ஓடினால் அது இழுக்கிற சூடு 70 வாட்கூட வராது. சும்மா உட்கார்ந்திருக்கிற ஒரு ஆளின் உடம்பே சுமார் 100 வாட் சூட்டை வெளியே விடுகிறது. ஒரு ஆளுக்கே ஈடு கொடுக்க முடியாத பெட்டி அறையைக் குளிர வைக்குமாம்! அதுவும் வறண்ட காற்றில்தான். கடல் காற்று ஏற்கெனவே ஈரம் சொட்டுகிற காற்று, அதில் தண்ணீர் எங்கே ஆவியாகப் போகிறது? ஆகிற கொஞ்சமும் மூடிய அறைக்குள்ளேயே தங்கிப் பிசுபிசுப்பாகிவிடும். நிஜ ஏசி என்றால் உள்ளே இருக்கிற சூட்டை எடுத்து வெளியே கொட்ட வேண்டும். கப்பலின் பெரிய சில்லர்கள் (மொத்தக் கப்பலையும் குளிர வைக்கிற இயந்திரங்கள்) அதைக் கடல் நீரில் கொட்டுகின்றன. ஜன்னலே இல்லாத கேபினில் இந்தப் பெட்டி எங்கே கொட்டும்? யூஎஸ்பியில் 5 வோல்ட், 2 ஆம்பியர், மொத்தம் 10 வாட். 10 வாட்டில் ஏசி ஓடும் என்று விற்கிறான்.

இதில் இன்னும் எரிச்சல் என்னவென்றால், எங்கள் கேபினின் சொந்த ஏசிக்குப் பெரிதாகக் கோளாறு ஒன்றும் இல்லை. காலையில் அறையைச் சுத்தம் செய்ய வந்த தம்பி ஈர மெத்தையைப் பார்த்துவிட்டு அவரே டெக்னீஷியனை வரவழைத்தார். அவர் வந்து ஸ்டூல் மேல் ஏறி, கூரையில் காற்று வருகிற வட்டத் தட்டைத் தொட்டுப் பார்த்து, நடுவில் இருக்கிற வட்டைக் கையாலேயே நாலு சுற்றுச் சுற்றினார். உஸ்ஸென்று காற்று இறங்கியது. முன்னால் இருந்த யாரோ குளிர் தாங்காமல் இறுக்கி மூடிவிட்டுப் போயிருக்கிறார்கள். அதோடு சரி. அன்று மத்தியானமே அம்மா போர்வை கேட்டார். பைசா செலவில்லை. நான் 286 டாலரைத் தூக்கிக் கொடுத்திருக்கிறேன்.

சரி, பணத்தையாவது திருப்பிக் கேட்போம் என்று கப்பலிலிருந்தே, அதுவும் காசு கொடுத்து வாங்கிய வைஃபையில், கடைக்கு எழுதினேன். முதல் பதில்: "ஐஸ் போட்டீர்களா சார்?" போட்டேன். "நிறையப் போட்டீர்களா?" இரண்டாவது பதில் வேறொருவர்: ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே இருக்கிற இடத்துக்குத்தான் இந்தப் பொருள் பொருந்தும், அது குறிப்புத் தாளில் இருக்கிறது. கப்பலுக்கென்றே செய்த சாமான், ஆனால் ஈரம் இருக்கும் இடத்தில் வைக்கக்கூடாது! டெக் பிளான் பார்த்துச் சொன்னாரே அவர் எங்கே என்று கேட்டேன், "அந்த ஊழியர் இப்போது இல்லை" என்றார்கள். மூன்றாவது ஆள் வந்து, பொருள் கைக்கு வந்து 14 நாள் தாண்டிவிட்டது, விதிப்படி ஒன்றும் செய்ய முடியாது என்று கைவிரித்தார். இந்த வித்தையைக் கவனியுங்கள். பயணத்துக்கென்று வாங்குகிற சாமானை எல்லாரும் முன்கூட்டியேதான் வாங்குவார்கள், கப்பலில் ஏறிப் பெட்டியைத் திறக்கும்போது அந்த 14 நாள் எப்போதோ முடிந்திருக்கும். யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

விடாமல் எழுதியதும் ஒரு 10 டாலர் கூப்பன் வந்தது, அடுத்த முறை வாங்கும்போது கழித்துக்கொள்ளலாமாம். அடுத்த முறையா! அதற்கும் மசியவில்லை என்றதும் 15 சதவீதம், அதாவது 286ல் 42.90 டாலர், திருப்பித் தருகிறோம், புகாரை மூடிவிட்டதாக "சரி" என்று மட்டும் பதில் போடுங்கள் என்றார்கள். போடவில்லை. படத்தோடு ஒரு ரெவியூ எழுதினேன், "பரிசீலனையில் உள்ளது" என்று இன்னும் அப்படியே நிற்கிறது. ஐந்து நட்சத்திர ரெவியூக்கள் மட்டும் புதிது புதிதாக முளைக்கின்றன.

விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன், இப்போது எழுதப் பொறுமை இல்லை. முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். சூட்டை அறைக்கு வெளியே விட வழி இல்லாத எதுவும் ஏசி இல்லை, யார் சத்தியம் செய்தாலும் நம்பாதீர்கள். கேபின் குளிரவில்லை என்றால் தெர்மோஸ்டாட்டை மட்டும் திருகிக்கொண்டிருக்காமல் முதலில் கூரையில் காற்று வருகிற அந்தத் தட்டைப் பாருங்கள், ஏறிய அன்றே ஆளைக் கூப்பிடுங்கள், ராத்திரி வரை காத்திருக்க வேண்டாம். பால்கனிக் கேபின் என்றால் கதவைத் திறந்து போடாதீர்கள், பல கப்பல்களில் கதவு திறந்தால் ஏசி தானாக நின்றுவிடும், நிற்காவிட்டாலும் ஈரக் காற்றுதான் உள்ளே வரும், பகலில் வெயில் அடிக்கிற பக்கம் திரையை மூடி வையுங்கள். காற்று வேண்டும் என்றால் பேட்டரியில் ஓடுகிற சாதாரணச் சின்ன ஃபேன் போதும், சுவர் பெரும்பாலும் இரும்புத் தகடு என்பதால் காந்தக் கொக்கியில் மாட்டிவிடலாம், ஆனால் எதை எடுத்துப் போகலாம் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அவர்களுடைய தடைப் பட்டியலைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். சர்ஜ் ப்ரொடெக்டர் வைத்த எதையும் பெட்டியில் போடாதீர்கள். கார்டில் பணம் கட்டுங்கள், சாட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், பாதிப் பணத்துக்குச் "சரி" என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

விளம்பரத்தில் சொன்னபடி பொருள் இல்லை என்று கார்டு வங்கியில் புகார் போட்டிருக்கிறேன், "நான் பொறுப்பு" என்ற அந்த ஸ்கிரீன்ஷாட்டையும் சேர்த்து. 286 டாலரும் வரும்வரை விடுவதாக இல்லை.