கம்பா, கோதுமையா, குதிரைவாலியா? வீட்டில் அரைத்த மாவில் சீஸ் டிராப் பிஸ்கட்

சீஸ் டிராப் பிஸ்கட் என்றதும் டீயில் முக்கிச் சாப்பிடுகிற வட்ட பிஸ்கட்டை நினைக்க வேண்டாம். இது அமெரிக்காவின் தென் மாநிலங்களில் சாப்பாட்டோடு வைக்கிற உப்பு பன். மேலே கரடுமுரடாக மொறுமொறுவென்று இருக்கும், உள்ளே மெத்தென்று இருக்கும். மாவைத் தேய்க்கவோ வெட்டவோ வேண்டாம். கரண்டியில் அள்ளித் தட்டில் போட்டு ஓடிஜி என்கிற மின் அடுப்புக்குள் தள்ளினால் வேலை முடிந்தது. ரெட் லாப்ஸ்டர் என்கிற கடலுணவு ஓட்டலில் 1990-களின் தொடக்கத்திலிருந்து மேஜைக்கு மேஜை சூடாக வைத்ததில்தான் சீஸ் போட்ட வகைக்கு இவ்வளவு பேர் வந்தது. இறாலுக்கும் நண்டுக்கும் தொட்டுக்கொள்கிற பண்டம் என்றால் பாம்பன், கீழக்கரை, தொண்டிக்காரர்கள் ஏன் விட்டுவைக்க வேண்டும்?

மைதாவில் செய்தால் யாருக்கும் வரும். தவிடும் முளைக்கருவும் நீக்காமல் வீட்டில் அரைத்த மாவு என்றால் எந்தத் தானியம், எங்கே அரைப்பது, என்ன சீஸ் என்று மூன்று இடத்தில் யோசிக்க வேண்டியிருக்கிறது. அவசரக்காரர்களுக்கு என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முக்கால் பங்கு கோதுமை, கால் பங்கு கம்பு, கம்பை அரைத்த அன்றைக்கே சுட வேண்டும். எந்தத் தானியம் என்பதில் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால்கூடப் பரவாயில்லை. பழைய மாவை எந்த சீஸாலும் காப்பாற்ற முடியாது.

ஒப்பிடுவதற்கு அளவு ஒன்றாக இருக்க வேண்டும் அல்லவா? நான் வைத்திருக்கும் அளவு இது: மாவு 250 கிராம், பேக்கிங் பவுடர் 3 டீஸ்பூன், சமையல் சோடா கால் டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், வெண்ணெய் 90 கிராம், துருவிய சீஸ் 120 கிராம், கெட்டியான புளித்த மோர் 250 மில்லி. மாவு போண்டா மாவைவிட ஒரு படி கெட்டியாக, கரண்டியிலிருந்து தட்டினால்தான் விழுகிற மாதிரி இருக்க வேண்டும். 220 டிகிரியில் 15 நிமிடம். அடுப்பு நன்றாகச் சூடேறிய பிறகுதான் தட்டை உள்ளே வைக்க வேண்டும். உப்பு அளவு சீஸைப் பொறுத்துக் குறையும், அதற்குப் பின்னால் வருகிறேன்.

முதலில் கோதுமை. முழுக்கோதுமை மாவில் பிரெட் சுட்டவர்களுக்குத் தெரியும், தவிட்டுத் துண்டுகள் மாவின் பசையை அறுத்துவிடும், பிரெட் உப்பாமல் கனத்து உட்கார்ந்துவிடும். டிராப் பிஸ்கட்டில் அந்தத் தொல்லை கிடையாது. இதற்குப் பசையே அதிகம் தேவையில்லை. பேக்கிங் பவுடரும் வெண்ணெயும்தான் தூக்கிவிடுகின்றன. பசை கூடினால்தான் ரப்பராகும். முழுத்தானிய மாவுக்குப் புதிதாகக் கை வைப்பவர்கள் பிரெட்டை விட்டுவிட்டு இதில் தொடங்கலாம் என்பேன்.

அமெரிக்கச் சமையல் குறிப்புகளில் முழுக்கோதுமை கசக்கும், பாதிக்கு மைதா சேருங்கள் என்று எழுதியிருப்பார்கள். அங்கே சிவப்புத் தோல் கோதுமை அதிகம், அந்தத் தோலில் துவர்ப்பு உண்டு. நம் கடையில் கிடைப்பது பெரும்பாலும் வெளிர் மஞ்சள் கோதுமை, அவ்வளவு துவர்ப்பு கிடையாது. அதனால் மைதாவை நம்பாமல் முழுக்க முழுக்கக் கோதுமையிலேயே செய்யலாம். ரேஷன் கோதுமையும் சரிதான், கல்லும் வைக்கோலும் பொறுக்க நேரம் இருந்தால். ஆனால் ஒன்று: தவிடு மெதுவாகத்தான் தண்ணீர் குடிக்கும். கலந்த உடனே பார்த்தால் மாவு தளதளவென்று இருக்கும், கால் மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்தால் இறுகிவிடும். அந்தக் கால் மணி நேரத்தை விட்டவர்களுக்குத்தான் வாயில் உமி உமியாகத் தட்டுப்படும்.

சம்பா கோதுமை, அல்வாவுக்கு ஊறவைப்பது, மணம் பிரமாதம். ஆனால் மணி கெட்டி, சின்ன மெஷினில் ரவை பதத்திலேயே நின்றுவிடும். இரண்டாம் முறை போட்டு அரைக்கப் பொறுமை இருந்தால் செய்யுங்கள். விலைக்கும் வேலைக்கும் ஏற்ற வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது கம்பு. இந்தப் போட்டியில் சுவாரசியமான ஆள் இதுதான். சாம்பல் கலந்த பச்சையில் மாவு வரும், வெந்ததும் வறுத்த கடலை போன்ற ஒரு வாசம் எழும், அதன் மேல் சீஸின் உப்பும் புளிப்பும் உட்கார்ந்தால் வேறு எந்தத் தானியமும் கிட்ட வராது. குறையும் அதே அளவு உண்டு. கம்பில் எண்ணெய்ச் சத்து அதிகம், அந்த எண்ணெயை உடைக்கிற நொதியும் மாவிலேயே இருக்கிறது. முழு மணியாக இருக்கும்வரை ஒன்றும் ஆகாது. அரைத்த நிமிடத்திலிருந்து கெடத் தொடங்கிவிடும். ஒரு வாரம் வெளியே வைத்த கம்பு மாவில் கசப்பு வரும், கூடவே ஒரு மக்கல் வாடையும் வரும். கடற்கரை ஈரக்காற்றில் இன்னும் சீக்கிரம். கடையில் பாக்கெட்டில் கிடைக்கிற கம்பு மாவை வாங்கிச் செய்துவிட்டுக் கம்பே பிடிக்காது என்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குப் பிடிக்காமல் போனது கம்பாக இருக்காது, பழைய மாவாக இருக்கும். வீட்டில் அரைப்பதால் வருகிற லாபம் கோதுமையைவிடக் கம்பில்தான் பல மடங்கு.

முழுக்கக் கம்பிலேயே சுட்டால் பிஸ்கட் கையில் எடுக்கும்போதே உதிரும். கோதுமைக்குப் பசை தருகிற குளூட்டன் இதில் கிடையாது, பிடித்து நிறுத்த ஆள் இல்லை. ஒரு முட்டை சேர்த்தால் ஓரளவு நிற்கும். பாதிக்குப் பாதி என்றால் நிற்கிறது, மறுநாள் உதிர்கிறது. கால் பங்கில் வாசமும் வருகிறது, கட்டுக்கோப்பும் போகவில்லை. கம்பு மாவை மட்டும் முதலில் மோரில் அரை மணி நேரம் ஊறப்போட்டுவிட்டு, அப்புறம் கோதுமை மாவு, பேக்கிங் பவுடர், வெண்ணெய் சேர்த்தால் மணல் மணலாக நெருடுவதும் நின்றுவிடும்.

வெள்ளைச் சோளம் சாதுவான பிள்ளை. லேசான தித்திப்பு, நிறமும் கெடாது, சீஸ் தனியாகத் தெரியும். கம்பின் வாசம் பிடிக்காத வீட்டில் அதே கால் பங்குக்கு இதைப் போடலாம்.

குதிரைவாலி நம் ராமநாதபுரம் மாவட்டத்து மானாவாரிப் பயிர், அதை ஆதரிக்க வேண்டும் என்கிற ஆசை எனக்கும் உண்டு. ஆனால் கடையில் வெள்ளைவெளேரென்று கிடைக்கிற குதிரைவாலி அரிசி தவிடு நீக்கித் தீட்டியது. அதை அரைத்தால் முழுத்தானிய மாவு என்று சொல்லிக்கொள்ள முடியாது. பழுப்பு நிறத்தில், தீட்டாதது கேட்டு வாங்க வேண்டும். கால் பங்கு சேர்த்தால் மேல் தோல் நன்றாக மொறுமொறுக்கும். அதற்கு மேல் போனால் உள்ளே வறண்டுவிடும். சித்திரைக்கார் மாதிரிச் சிவப்பரிசியிலும் இதே கதைதான், அதைப் புட்டுக்கு விட்டுவிடுங்கள்.

கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து, அதை மறுக்கவில்லை. ஆனால் அதன் மண்வாசம் சீஸை விழுங்கிவிடுகிறது. கருப்பட்டியோடு சேர்கிற தானியத்தை சீஸோடு சேர்ப்பானேன்?

சரி, எங்கே அரைப்பது? வீட்டு மெஷின், தெரு மாவு மில், மிக்ஸி என்று மூன்று வழி. ஒரு குதிரைத்திறன் மோட்டாரோடு பீரோ மாதிரிப் பெட்டியாக வருகிற வீட்டு மெஷினில் ஜாலியை, அதாவது உள்ளே இருக்கிற சல்லடைத் தகட்டை, மாற்றிப் பதத்தை மாற்றிக்கொள்ளலாம், 250 கிராம்கூட அரைக்கலாம். கம்புக்கு இதைவிட வசதி இல்லை. ஆனால் கடலோரத்தில் இதற்குப் பராமரிப்பு வேண்டும். உப்புக்காற்றில் திருகாணியும் கீலும் துருப்பிடிக்கும், ஈரம் ஏறிய தானியம் ஜாலியில் அப்பிக்கொள்ளும். தானியத்தைக் காலை பத்து மணிக்கு மேல் வெயிலில் காயவைத்து, கடித்தால் டக்கென்று உடைகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும்.

தெரு மில்லில் கல் பெரிது, மாவு பட்டுப்போல் வரும். கோதுமை மட்டும் என்றால் எனக்கு மில்தான் பிடிக்கும், வாரத்துக்கு இரண்டு கிலோ அரைத்தால் போதும். ஆனால் முன்னால் யார் என்ன அரைத்தார்கள் என்று கேட்காமல் தூக்குவாளியை நீட்டக்கூடாது. கேழ்வரகு அரைத்த கையோடு நம் கோதுமையைக் கொட்டினால் முதல் இரண்டு பிடி அந்த நிறத்தில்தான் விழும். அரை கிலோ கம்பை எடுத்துக்கொண்டு போனால், "இதுக்கா மெஷின ஓட்டச் சொல்ற?" என்று பார்வையாலேயே கேட்பார்கள், அது வேறு.

மிக்ஸியில் கோதுமை வேண்டாம். ஜார் சூடாகும், பாதி ரவையாக நிற்கும், சலித்துச் சலித்துக் கடைசியில் தவிட்டைத் தூக்கிப் போட்டுவிடுவோம். அப்புறம் முழுத்தானியம் எங்கே இருக்கிறது? கம்பு மென்மையானது, கைப்பிடி கைப்பிடியாக விட்டு விட்டு ஓட்டினால் மிக்ஸியே போதும். கால் பங்கு கம்புக்காக மட்டும் யாரும் மெஷின் வாங்க வேண்டியதில்லை.

எதில் அரைத்தாலும் மாவு வெதுவெதுப்பாக வரும். அந்தச் சூட்டோடு வெண்ணெயைக் கலந்தால் உருகி ஓடிவிடும். மாவை ஃப்ரிட்ஜில் ஆறவிடுங்கள்.

வெண்ணெய்க்கும் இரண்டு கட்சி உண்டு. ஃப்ரீசரில் கல்லாக்கித் துருவிச் சேர்ப்பது ஒன்று. சித்திரை, வைகாசியில் மண்டபம் ஊர்ச் சமையலறையில் நின்று வெண்ணெய் துருவிப் பாருங்கள், பாதி விரலோடு போய்விடும். இரண்டாவது வழி: வெண்ணெயை உருக்கிச் சற்று ஆறவைத்து, ஐஸ் மாதிரிக் குளிர்ந்த மோரில் ஊற்றிக் கலக்குவது. ஊற்றிய மாத்திரத்தில் வெண்ணெய் குட்டிக் குட்டித் திட்டாக உறைந்து மோர் முழுக்க மிதக்கும். அந்தத் திட்டுகள்தான் அடுப்பில் உருகி உள்ளே இடைவெளி விடும். துருவிய வெண்ணெயில் அடுக்கு இன்னும் நன்றாக வரும், உண்மைதான். ஆனால் இந்த வெயிலுக்கு இரண்டாவதுதான் நம் முறை.

சீஸ் விஷயத்தில் அமுல் க்யூப், அந்த 25 கிராம் கட்டி, எங்கேயும் கிடைக்கும். பதப்படுத்திய சீஸ் என்பதால் எண்ணெய் பிரியாமல் சீராக உருகும். உப்பு தூக்கலாக இருக்கும், மாவில் உப்பைப் பாதியாக்குங்கள். மொஸரெல்லா நூலாக இழுபடும், ருசி சப்பென்று இருக்கும். கீழக்கரைப் பக்கம் வளைகுடாவிலிருந்து வருகிற பெட்டியில் க்ராஃப்ட் சீஸ் நீல டப்பா இருந்தால் அதிர்ஷ்டம்தான், அதில் செடார் என்கிற கெட்டி சீஸின் புளிப்பு கொஞ்சம் உண்டு. கம்போடு சேர்க்க முதிர்ந்த செடாரைவிட நல்லது இல்லை, ராமநாதபுரத்தில் தேடித்தான் வாங்க வேண்டும். என் வீட்டில் பெரும்பாலும் பாதி க்யூப், பாதி செடார்.

காரத்துக்கு நம் குண்டு மிளகாய் இருக்கிறது, 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய அதே ராமநாதபுரம் குண்டு மிளகாய். விதை நீக்கி, வெறும் சட்டியில் லேசாக வாட்டி, கொரகொரப்பாக இடித்து ஒரு டீஸ்பூன். பூண்டுப் பொடியைவிட இது பொருத்தம். நண்டு ரசத்தோடு வைத்தபோது என் மதினி, "என்னத்தா, இது போண்டாவா பன்னா?" என்றார். பதிலுக்குக் காத்திருக்காமல் இன்னொன்றை எடுத்துக்கொண்டார்.

பேக்கிங் பவுடர் டப்பாவைக் கடலோர வீட்டில் திறந்து வைத்தால் ஈரம் இழுத்துச் செத்துவிடும். சந்தேகம் இருந்தால் அரை டீஸ்பூனைச் சுடுதண்ணீரில் போட்டுப் பாருங்கள், பொங்கி நுரைக்கவில்லை என்றால் வேறு வாங்குங்கள்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் சுட வேண்டாம் என்றால், மாவைக் கரண்டி கரண்டியாகத் தட்டில் போட்டு ஃப்ரீசரில் உறையவைத்து டப்பாவில் அடைத்துக்கொள்ளலாம். உறைந்ததை அப்படியே அடுப்பில் வைத்தால் மூன்று நான்கு நிமிடம் கூடுதலாகப் பிடிக்கும். கோதுமை மட்டும் போட்டது ஒரு மாதம் வரை தாங்கும். கம்பு சேர்த்ததை ஒரு வாரத்துக்குள் சுட்டுவிடுங்கள்.