தெருவில் வேகத்தடை போடுவதா, வேக வரம்பைக் குறைப்பதா?

வீடுகள் நிறைந்த தெருவில் வண்டிகள் பறக்கின்றன என்று புகார் எழுந்தால் இரண்டு யோசனைகள் வரும். ஸ்பீடு பிரேக்கர் போடுங்கள் என்பார்கள் சிலர். மணிக்கு 30 கி.மீ. என்று பலகை வைத்தால் போதும் என்பார்கள் மற்றவர்கள்.

30 என்ற எண்ணிலிருந்தே தொடங்கலாம். ஆபத்தைப் பார்த்து பிரேக்கை மிதிக்க ஓட்டுநருக்கு ஒரு நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 14 மீட்டர் முன்னால் ஒரு குழந்தை சட்டென்று சாலைக்குள் ஓடிவருகிறது. 30 கி.மீ. வேகத்தில் வரும் கார் அந்த ஒரு நொடியில் 8 மீட்டர் சொச்சம் நகரும். சாலை காய்ந்திருந்து பிரேக்கும் நன்றாக இருந்தால், அடுத்த 5 மீட்டரில் நின்றுவிடும். குழந்தை தப்பிவிடும். 50 கி.மீ. வேகத்தில் வரும் காரோ, பிரேக் பிடிக்கத் தொடங்குவதற்குள்ளேயே அந்த 14 மீட்டரைக் கிட்டத்தட்ட முழுவதும் கடந்துவிடும். அதாவது ஏறக்குறைய முழு வேகத்தில் மோதும். இதற்கு எதிரில் நாம் இழக்கும் நேரம் எவ்வளவு? அரை கிலோமீட்டர் தெருவுக்கு 24 நொடி. இதைக்கூட விட்டுக்கொடுக்க முடியாது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

சரி, வேகம் குறைய வேண்டும். பலகை வைத்தால் குறையுமா?

பலகை மட்டும் வைத்தால் பெரிதாகக் குறையாது. இங்கிலாந்தில் 20 மைல் (சுமார் 32 கி.மீ.) வரம்பைப் பலகைகளால் மட்டுமே அறிவித்த பகுதிகளைப் பற்றி அரசு நடத்திய ஆய்வு 2018-ல் வெளிவந்தது. குடியிருப்புப் பகுதிகளில் வேகம் சராசரியாக மணிக்கு ஒரு கிலோமீட்டர் அளவுக்குத்தான் குறைந்திருந்தது. லண்டனில் வேகத்தடை போன்ற கட்டுமானங்களோடு அமைத்த 20 மைல் மண்டலங்களின் கதை வேறு. 1986 முதல் 2006 வரையிலான விபத்துப் பதிவுகளை அலசிய ஆய்வு, அங்கே விபத்தில் சிக்கியோர் எண்ணிக்கை சுமார் 42 சதவீதம் குறைந்ததாகக் கண்டது.

இதை வைத்து வேகத்தடைதான் பதில் என்று முடித்துவிடவும் முடியாது. பிரிட்டனின் ஒரு பகுதியான வேல்ஸ் 2023 செப்டம்பர் 17 முதல், 30 மைலாக (சுமார் 48 கி.மீ.) இருந்த குடியிருப்புச் சாலைகளில் பெரும்பாலானவற்றை ஒரே நாளில் 20-க்குக் கொண்டுவந்தது. நாலரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். சில சாலைகளுக்குப் பழைய வரம்பு திரும்பவும் வந்தது. ஆனாலும் அடுத்த ஓராண்டில் இத்தகைய சாலைகளில் விபத்தில் சிக்கியோர் எண்ணிக்கை ஏறத்தாழ கால்வாசி குறைந்தது. ஒரு தெருவில் மட்டும் பலகை நட்டால் அது அந்தத் தெருக்காரர்களின் வேண்டுகோள் போலத்தான் தெரியும். எல்லாத் தெருவிலும் அதே வரம்பு என்றால் ஓட்டுபவரின் பழக்கமே மெல்ல மாறும். முன்னால் போகும் வண்டி மெதுவாகப் போனால் பின்னால் வருபவருக்கும் வேறு வழியில்லை.

வேகத்தடைக்கு இந்தக் காத்திருப்பு தேவையில்லை. போலீஸ் வேண்டாம், கேமரா வேண்டாம், நள்ளிரவிலும் வேலை செய்யும். ஆனால் அது எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தே எல்லாம். பிரிட்டனில் 1970-களில் சோதித்துத் தேர்ந்த வடிவம், வண்டி போகும் திசையில் 3.7 மீட்டர் அகலமும் அதிகபட்சம் 10 செ.மீ. உயரமும் கொண்டது. மெதுவாக ஏறி இறங்கினால் உடம்புக்குத் தெரியாது, வேகமாகப் போனால் தூக்கிப்போடும். நாம் பல இடங்களில் பார்ப்பதோ ஓரடி அகலத்தில் செங்குத்தான மேடு. அது நேர் எதிராக வேலை செய்கிறது: மெதுவாகப் போகிறவரின் முதுகை உடைக்கும், வேகமாகப் போகிற காரின் சஸ்பென்ஷனோ அதிர்ச்சியில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். பெயின்ட் அழிந்து, இருட்டில் கண்ணுக்குத் தெரியாமல் கிடந்தால் இருசக்கர வண்டிக்காரருக்கு அதுவே விபத்து. இப்படி ஒன்றைப் போடுவதைவிடப் போடாமல் இருப்பதே மேல்.

நன்றாகக் கட்டினாலும் சில தொல்லைகள் போகாது. பிரேக் பிடித்துக் கிளம்பும் சத்தம் பக்கத்து வீட்டுக்குள் கேட்கும். தடைகளுக்கு இடையே தூரம் அதிகமானால் நடுவில் ஆக்சிலரேட்டரை மிதிப்பார்கள். ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் ஒவ்வொரு தடைக்கும் சில நொடிகளை இழக்கும். அந்த வழிகளில் சாலையின் முழு அகலத்துக்கும் மேடு போடாமல், அகலமான வண்டியின் சக்கரங்கள் இரு பக்கமும் தாண்டிப் போகும்படி துண்டு துண்டாகப் போடும் மெத்தை வடிவத் தடைகள் பொருத்தமானவை.

என் தேர்வு இதுதான்: வரம்பு பகுதி முழுவதற்கும், தடை தேவையான இடத்துக்கு மட்டும். பள்ளி வாசல், நீண்ட நேர்ச்சாலை, குறுக்குவழியாக வெளி வண்டிகள் புகும் தெரு. எது தேவைப்படும் இடம் என்று சண்டை போடாமல், முதலில் சில நாட்கள் வேகத்தை அளந்துவிடலாம். பிரிட்டன் அரசின் வழிகாட்டுதல் இதற்கு ஒரு அளவுகோல் தருகிறது: சராசரி வேகம் ஏற்கெனவே மணிக்கு 24 மைலுக்குள், அதாவது சுமார் 39 கி.மீ.க்குள் இருந்தால் பலகை போதும். அதற்கு மேல் போனால் பலகையை மட்டும் நம்பக் கூடாது. அங்கே தடை போடவோ, சாலையைக் குறுக்கவோ வேண்டும்.