செவர்லே 350 இஞ்சினுக்கு எது சரி: பாயிண்டா, ஹெச்.இ.ஐ.யா?

1974 வரை வந்த செவர்லே சி-10 பிக்கப்பின் 350 (கன அங்குல) இஞ்சினில், ஸ்பார்க்கைச் சிலிண்டர்களுக்குப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட், அதாவது கரண்டை இணைத்துத் துண்டிக்கும் தொடுமுனை, இருந்தது. 1975இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஹெச்.இ.ஐ. (ஹை எனர்ஜி இக்னிஷன்) என்ற எலக்ட்ரானிக் முறைக்கு மாறியது. பாரம் இழுக்கும் வண்டிக்கு எங்கள் ஓட்டு ஹெச்.இ.ஐ.க்குத்தான். ஆனால் ஒரு வயரை மாற்றாமல் அதை மாட்டுவதென்றால், பழைய பாயிண்டே இருந்துவிட்டுப் போகட்டும்.

பாயிண்ட் கருகாமல் இருக்க, சாவியிலிருந்து காயிலுக்கு (ஸ்பார்க்குக்கு வோல்ட்டை ஏற்றித் தரும் சுருள்) போவது ரெசிஸ்டன்ஸ் வயர். ஓடும்போது காயிலுக்கு 12 வோல்ட் முழுசாக வராது. செல்ஃப் அடிக்கும்போது மட்டும் ஸ்டார்ட்டரின் ‘ஆர்’ முனை வழியாக முழு பேட்டரி கரண்ட் போகும். செல்ஃப் அடிக்கையில் பிடித்துக்கொண்டு, சாவியை விட்டதும் இஞ்சின் அணைந்தால் முதலில் இந்த ரெசிஸ்டன்ஸ் வயரைச் சோதியுங்கள். ஹெச்.இ.ஐ.யை இதே வயரில் கொடுத்தால் ஸ்பார்க் பலவீனமாகும், வேகமெடுக்கும்போது மிஸ் அடிக்கும். ஃபியூஸ் பாக்ஸில் சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் முனையிலிருந்து, செல்ஃப் அடிக்கும்போதும் கரண்ட் விடாமல் வருகிறதா என்று பார்த்து, தடித்த புது வயர் இழுங்கள்.

பாயிண்டின் பெரிய பலம், ரோட்டோரத்திலேயே சரிசெய்துவிடலாம் என்பது. புதுப் பாயிண்டுக்கு இடைவெளி 0.019 அங்குலம், ஓடியதற்கு 0.016. இஞ்சின் ஓடும்போதே டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் சின்ன ஜன்னலைத் தூக்கி, பாயிண்டைச் சரிசெய்யும் ஸ்க்ரூவை 1/8 அங்குல ஆலன் கீயால் வலப்பக்கம் திருப்புங்கள். மிஸ் அடிக்கத் தொடங்கியதும் அரைச் சுற்று பின்னால் கொண்டுவந்தால் ட்வெல் (பாயிண்ட் மூடியிருக்கும் கோணம்) ஏறக்குறைய 30 டிகிரியில் நிற்கும். கேமில் உரசும் கட்டை தேயத் தேய இடைவெளி குறையும், ட்வெல் கூடும், டைமிங் (ஸ்பார்க் வரும் நேரம்) பின்தங்கும். அதனால்தான் ட்வெல் முதலில், டைமிங் பிறகு. மாற்றிச் செய்தால் இரண்டாவது வேலை முதல் வேலையைக் கெடுத்துவிடும்.

ஹெச்.இ.ஐ.யில் தேய்கிற கட்டை இல்லை. கெட்டால் வேறு விதமாகக் கெடும். சூடானதும் அணைந்து, ஆறியதும் ஸ்டார்ட் ஆனால், பாயிண்டின் வேலையைச் செய்யும் எலக்ட்ரானிக் மாட்யூலைச் சந்தேகியுங்கள். அடியில் வெப்பம் கடத்தும் சிலிகான் பேஸ்ட் பூசாமல் மாட்டியிருப்பார்கள். ஸ்பார்க் நேரத்தை உணர்ந்து மாட்யூலுக்குச் சொல்லும் பிக்கப் காயில் 500 முதல் 1500 ஓம் காட்ட வேண்டும். வேக்குவம் அட்வான்ஸ் (இஞ்சின் உறிஞ்சலால் ஸ்பார்க்கை முன்னால் தள்ளும் பாகம்) இழுக்கும்போது அதன் வயர் மடங்கி மடங்கி உள்ளேயே அறுந்துபோகும். கையால் அசைத்துக்கொண்டே அளந்தால்தான் பிடிபடும்.

பழைய டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளேயே பாயிண்டுக்குப் பதில் காந்த சென்சார் கிட் மாட்டுவதும் உண்டு. தோற்றம் மாறாது. இஞ்சின் ஓடாமல் சாவியை ஆனிலேயே விட்டால் சில கிட்கள் எரிந்துபோகும். தொலைதூரம் போகிறவர்கள் கழற்றிய பாயிண்ட், கண்டன்சரை வண்டியிலேயே வையுங்கள்.

டைமிங் வைப்பது எதற்கும் ஒன்றுதான். வேக்குவம் ஹோஸைக் கழற்றி அடைத்து, ஐடிலில் டைமிங் லைட் அடித்து, வண்டி ஸ்டிக்கரில் உள்ள டிகிரிக்கு வையுங்கள். பிறகு ஹோஸை மாட்டாமலேயே 3000 ஆர்.பி.எம்.முக்கு ஏற்றிப் பாருங்கள். பெரும்பாலான 350க்கு மொத்தம் 34 முதல் 36 டிகிரி பொருந்தும். லைட் சரியாகக் காட்டியும் நாக்கிங் வந்தால் டைமிங் கோடு போட்டிருக்கும் பேலன்சரின் (கிராங்க் முன்முனைச் சக்கரம்) வெளிவளையம் ரப்பரில் நழுவியிருக்கலாம். அப்போது அந்தக் கோட்டை நம்பாதீர்கள். ஒன்றாம் சிலிண்டரில் பிஸ்டன் ஸ்டாப் (பிஸ்டனைத் தடுத்து நிறுத்தும் கருவி) மாட்டி, பிஸ்டன் உச்சிக்கு வரும் மேல் முனையைப் புதிதாகக் குறியுங்கள்.