மதுரையில் கம்ப்யூட்டர் உதிரி, வாரண்டி: எதற்கு எங்கே?

சின்னச் சாமான்களுக்கு டவுன் ஹால் ரோடு பக்கம் போனால் போதும். மதர்போர்டில் தேதி, நேரத்தைக் காக்கும் சிஆர்2032 பேட்டரி, டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிள், பிராசஸர் மேல் தடவும் தெர்மல் பேஸ்ட் எல்லாம் கையோடு கிடைக்கும். பேட்டரியை மட்டும் மல்டிமீட்டரில் பார்த்து வாங்குங்கள். புதியது 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும், 2.8க்குக் கீழே என்றால் கிடந்து பழசானது, தேதியும் நேரமும் சீக்கிரமே மறுபடி மாறத் தொடங்கும்.

திருகாணியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க்குக்கு 6-32 என்ற அளவு மரை, 2.5 அங்குல எஸ்எஸ்டிக்கு எம்3 என்ற அளவு. மாற்றிப் போட்டு முறுக்கினால் மரை போச்சு. பழைய திருகாணியைக் கையில் எடுத்துப் போங்கள். கடைக்காரரின் கண்மதிப்பு எல்லா நேரமும் சரியாக இருக்காது.

வாரண்டி வேலை அவ்வளவு சுகமில்லை. விற்ற கடையே பொருளை வாங்கி அனுப்பினால் அலைச்சல் குறையும், நாள் கூடும். நேரே சர்வீஸ் சென்டருக்குப் போவதே மேல். ஜிஎஸ்டி பில் வேண்டும், அதில் சீரியல் நம்பர் இருக்க வேண்டும்; வெறும் துண்டுச் சீட்டு உதவாது. மதர்போர்டில் பிராசஸர் உட்காரும் சாக்கெட்டின் பின் வளைந்திருந்தாலோ, கருகிய தடம் இருந்தாலோ பெரும்பாலும் திருப்பிவிடுவார்கள். அதனால் கொடுக்கும் முன் நாலு பக்கமும் போட்டோ எடுத்து, ஒப்புகைச் சீட்டில் சீரியல் நம்பரையும் எழுதி வாங்குங்கள். ஹார்ட் டிஸ்க் என்றால் மாற்று டிஸ்க்தான் வரும், உள்ளே இருந்த கோப்புகள் வராது. இழுத்தடித்தால் நுகர்வோர் உதவி எண் 1915.

ரேம் கோளாறு என்று தோன்றினால் முதலில் அதன் பொன்னிறப் பற்களை அழிரப்பரால் தேய்த்துப் பாருங்கள், பாதி அலைச்சல் மிச்சம்.